ஆப்கனில் அபின் தடை வந்து மூன்று அறுவடை முடிந்துவிட்டது, ஹெராயின் ஏன் இன்னும் தீரவில்லை?

மதுரை_வெட்டிப்பேச்சு கேட்டது:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. 2022 ஏப்ரல் 3ஆம் தேதி தாலிபான் தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்ஸாதா, அபினும் அதிலிருந்து ஹெராயினும் எடுக்கும் கசகசாச் செடியை இனி பயிரிடவே கூடாது என்று ஆணை போட்டார். அபினுக்கு வரி வாங்கியே சண்டை போட்டவர்கள் அதை நிறுத்துவார்களா என்று அப்போது பலரும் சிரித்தார்கள். ஆனால் ஐ.நா. போதைப்பொருள் தடுப்பு அலுவலகத்தின் கணக்கைப் பார்த்தால் 2022இல் 2,33,000 ஹெக்டேர் இருந்த பயிர் 2023இல் 10,800 ஹெக்டேர் ஆகிவிட்டது, அதாவது 95 சதவீதம் காலி. விளைச்சல் 6,200 டன்னிலிருந்து 333 டன்.

எனக்குப் புரியாதது இதுதான். உலக அபினில் 80 சதவீதத்துக்கு மேல் விளைந்த இடம் அது. அங்கே குழாயை மூடினால் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்திருக்க வேண்டாமா? அப்படி எதுவும் கண்ணில் படவில்லையே. 2025இல் வந்த உலக அறிக்கை, 2023ஆம் ஆண்டில் மதுவும் புகையிலையும் சேர்க்காமல் 31.6 கோடி பேர் ஏதோ ஒரு போதைப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்கிறது. அதில் அபின் வகைகளும் அதைப் போன்ற செயற்கை வகைகளும் சேர்த்து 6.1 கோடிப் பேர். இவர்களுக்கெல்லாம் சரக்கு எங்கிருந்து போகிறது? தடை என்பது வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டும் படமா, இல்லை நிஜமா? அப்புறம் அந்த விவசாயிகள் இப்போது எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

தாலிபான் நல்லவரா கெட்டவரா என்ற சண்டை வேண்டாம், அதற்கு வேறு இழை இருக்கிறது.

பழைய_கணக்கன் எழுதியது:

தடை நிஜம்தான். இது தாலிபான் தானே சொல்லிக்கொண்ட கணக்கு இல்லை, செயற்கைக்கோள் படத்தில் வயல் வயலாகப் பார்த்து எடுத்தது. கசகசா பூத்து நிற்கும் வயலுக்கும் கோதுமை வயலுக்கும் மேலிருந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஹெல்மந்து மாகாணத்தில் 2022இல் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, அடுத்த வருஷமே துடைத்து வைத்ததுபோல ஆகி கோதுமை நின்றது. 2024இல் நாடு முழுக்கக் கொஞ்சம் ஏறி 12,800 ஹெக்டேர், 2025இல் மறுபடி இறங்கி 10,200.

உங்கள் கேள்விக்குப் பதில் வயலில் இல்லை, கிட்டங்கியில் இருக்கிறது. அபின் காய்கறி இல்லை. உலர்த்திச் சுருட்டி, காற்றுப் படாமல் பொதிந்து வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. 2017இல் மட்டும் 3,28,000 ஹெக்டேர் பயிர், 9,000 டன்னுக்கு மேல் அபின். அதற்குப் பிறகும் பல வருஷம் உலகத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக விளைத்துத் தள்ளினார்கள். அந்த மிச்சமெல்லாம் சேர்ந்து 2022 கடைசியில் கையிருப்பு 13,200 டன் இருக்கலாம் என்று ஐ.நா. மதிப்பிட்டது. ஆப்கன் அபினை நம்பியிருக்கும் சந்தைக்கு 2027 வரைக்கும்கூடப் போதும் என்று கணக்கு.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது ஆணை வந்த தேதி. ஏப்ரல் 3 என்றால் தெற்கில் அபின் பால் எடுக்கக் காய் கீறும் காலம். நிற்கிற பயிரை என்ன செய்வது என்று கேட்டபோது, இந்த அறுவடையை எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த விதைப்பு கூடாது என்று விட்டுவிட்டார்கள். ஆக 2022 விளைச்சல் முழுதாக வீட்டுக்கு வந்தது, வந்த கையோடு விலை ஏறத் தொடங்கியது. தடைக்கு முன் கிலோ 100 டாலரை ஒட்டி இருந்தது, 2023 கடைசியில் 1,000 டாலரைத் தாண்டியது. பத்து மடங்கு! கையில் 200 கிலோ வைத்திருந்த நிலக்காரனுக்குத் தடையைப் போல நல்ல சேதி வேறு இல்லை. குத்தகைக்கு உழைத்தவன், கடனுக்காகச் செடி பூக்கும் முன்பே அபினை முன்விலைக்கு விற்றவன், இவர்களிடம் சேமிப்பு ஏது? கையிருப்பில் பெரும்பகுதி பெரிய வியாபாரிகளிடமும் ஏற்றுமதிக்காரர்களிடமும்தான். ஆகவே "விவசாயி என்ன செய்கிறான்" என்று ஒரே மூச்சில் கேட்டால் பதில் வராது, எந்த விவசாயி என்று கேட்க வேண்டும். மொத்தமாக விவசாயிகளின் அபின் வருமானம் 2022இல் 136 கோடி டாலர், 2023இல் 11 கோடி டாலர்.

இன்னொன்று, இது முதல் தடவை இல்லை. அப்போதைய தாலிபான் தலைவர் முல்லா ஒமர் 2000 ஜூலையில் இதே தடையைப் போட்டார். 82,000 ஹெக்டேர் அடுத்த வருஷம் 8,000க்குக் கீழே போனது, மிஞ்சியதில் பெரும்பங்கு தாலிபான் கைக்கு வராத வடகிழக்கில். 2001 கடைசியில் ஆட்சி கவிழ்ந்ததும் மறு வருஷமே பயிர் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் இந்த முறையும் ஒரு வருஷ வேடிக்கை என்று பலர் நினைத்தார்கள், அது பொய்த்தது. ஆனால் இப்போதும் முரண்டு பிடிக்கும் இடம் அதே வடகிழக்குதான். பதக்‌ஷான் மாகாணத்தில் 2024 மே மாதம் பயிரை அழிக்கப் போனவர்களோடு ஊர்க்காரர்கள் மோதி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தெற்கில் சேர்த்து வைத்தவர்கள் பொறுத்துப் போனார்கள், பதக்‌ஷானின் சின்னச் சின்னத் துண்டு நிலக்காரர்களிடம் பொறுத்துப் போக எதுவும் இல்லை.

நீமச்_ரிட்டர்ன் எழுதியது:

மத்தியப் பிரதேசம் நீமச் பக்கம் வேலை நிமித்தம் சில காலம் இருந்தவன். சட்டப்படி அபின் விளையும் ஊர் அது. நம்மவர்கள் பலருக்கு இந்தியாவில் லைசென்சோடு அபின் பயிர் நடக்கிறது என்பதே தெரியாது. ம.பி.யில் மந்த்சௌர், நீமச், ராஜஸ்தானில் சித்தோர்கட், பிரதாப்கட் சுற்றுவட்டாரம், உ.பி.யில் கொஞ்சம். விளைந்ததை மருந்துக்காக அரசே வாங்கும், நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசுத் தொழிற்சாலை இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், இந்தப் பயிருக்கு எவ்வளவு கைவேலை வேண்டும் என்று அங்கே பார்த்தால்தான் புரியும். பூவிதழ் உதிர்ந்து காய் நெல்லிக்காயைவிடப் பெரிதாகி, தொட்டால் கெட்டியாக இருக்கும்போது, மதியத்துக்கு மேல் ஒவ்வொரு காயையும் கையில் பிடித்து, கூர்முனைகள் உள்ள சின்னக் கருவியால் மேலிருந்து கீழாக ஒரு கீறல். ஆழம் போனால் பால் உள்ளே இறங்கிக் காய் வீணாகும், மேலாகக் கீறினால் பால் வராது. ராத்திரி முழுக்கக் கசிந்து விடியற்காலையில் பழுப்புப் பிசினாக நிற்கும், வெயில் ஏறுவதற்குள் வழித்து எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் விட்டு அதே காயில் மறுபடி கீறல். ஒரு ஹெக்டேரில் எத்தனை காய் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு மழை வந்தால் முடிந்தது கதை. போதாததற்குக் கிளிகள் வேறு, ருசி கண்ட கிளி கூட்டமாக வந்து காயைக் கடித்துக்கொண்டு பறந்துவிடும், வலை கட்டி, தகரம் தட்டி, குடும்பமே வயலில் காவல் கிடக்கும்.

இத்தனை கையும் கூலி வாங்கும் கை. ஆப்கனில் அறுவடைக் காலத்தில் வேறு மாகாணத்திலிருந்து ஆட்கள் சாரிசாரியாக ஹெல்மந்துக்கும் கந்தஹாருக்கும் வருவார்கள். கோதுமைக்கு அந்த ஆள் தேவையே இல்லை. 2023 கணக்குப்படி ஒரு ஹெக்டேர் கோதுமையில் 770 டாலர், அபினில் சுமார் 10,000 டாலர். நிலம் வைத்திருப்பவன் கோதுமை போட்டுச் சாப்பிட்டுவிடுவான், நிலமில்லாத கூலிக்காரன் ஈரான் எல்லையைத் தாண்டப் பார்ப்பான். ஈரானும் பாகிஸ்தானும் இப்போது ஆப்கன்காரர்களை லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கொடுமை.

மாற்றுப் பயிர் என்று சொல்பவர்கள் தாய்லாந்தைக் காட்டுவார்கள். உண்மைதான், அங்கே வடக்கு மலையில் அபினை ஒழித்தார்கள். ஆனால் மன்னரின் திட்டம் 1969இல் தொடங்கியது, காப்பியும் காய்கறியும் பழமும் நிலைக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. சாலை போட்டு, பள்ளிக்கூடம் கட்டி, விளைந்ததை வாங்க ஆளும் ஏற்பாடு செய்தார்கள். தாலிபான் ஒரே ஆணையில் செய்ததை அதோடு ஒப்பிடவே முடியாது.

நேர்மை_நெப்போலியன் எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? விற்பவனைப் பிடித்துத் தூக்கில் போடு, தானாக நிற்கும். சிங்கப்பூரில் எப்படி இருக்கிறது பாருங்கள்.

பழைய_கணக்கன் எழுதியது:

@நேர்மை_நெப்போலியன் சிங்கப்பூர் ஒரு தீவு, இரண்டு பாலமும் ஒரு விமான நிலையமும் துறைமுகமும் காவல் காத்தால் போதும். ஈரானைப் பாருங்கள். ஆப்கனோடு நீண்ட எல்லை, பாலைவனத்தில் சுவரும் அகழியும் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் காவலர்கள் செத்திருக்கிறார்கள். போதைப்பொருள் வழக்கில் 2023இல் மட்டும் 481 பேரைத் தூக்கிலிட்டதாக மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியின் கணக்கு. உலகிலேயே அபின் பழக்கம் மிக அதிகமான நாடுகளில் இன்னும் ஈரான் இருக்கிறது. தூக்கில் தொங்குபவர்களில் பலர் வண்டி ஓட்டியவனும் மூட்டை சுமந்தவனும்தான். 13,200 டன்னைச் சேர்த்து வைத்தவன் எவனும் அந்த வரிசையில் நிற்பதாக நான் படித்ததில்லை.

யாழ்_பனங்காய் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்துக் கதையையும் சொல்ல வேணும். ஆப்கன் சரக்கு ஐரோப்பாவுக்கு ஈரான், துருக்கி, பால்கன் வழியாகத் தரையில் போவதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொரு வழி கடல். பாகிஸ்தான், ஈரானின் மக்ரான் கரையில் மரக்கலங்களில் ஏற்றி அரபிக்கடலில் இறக்கிவிடுவார்கள், ஒன்று ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகும், ஒன்று எங்கட பக்கம் வரும். நடுக்கடலில் எங்கட தெற்குப் பகுதிப் பலநாள் மீன்பிடிப் படகுக்குக் கைமாறும், கடற்படை பிடிக்கும் படகுகளில் அடிக்கடி இந்தக் கதைதான்.

மதுரை அண்ணை தட்டுப்பாடு ஏன் தெரியவில்லை என்று கேட்டார். எங்கட இடத்தில் மாற்றம் தெரிந்தது, ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை. முந்தி தூள் என்றால் ஹெராயின், அதைத்தான் எல்லோரும் கதைப்பார்கள். இப்ப பொடியன்கள் வாயில் வருவது ஐஸ், அதாவது மெத்தம்பெட்டமின். அரசாங்கமும் 2022 கடைசியில் சட்டத்தைத் திருத்தி, 5 கிராம் ஐஸ் பிடிபட்டாலே மரண தண்டனை வரைக்கும் போகலாம் என்று ஆக்கியது (1976க்குப் பிறகு இலங்கையில் ஒருவரையும் தூக்கிலிடவில்லை என்பது வேறு விசயம்). ஒரே கலத்தில் ஹெராயினும் ஐஸும் சேர்ந்தே வருகின்றன, அனுப்புபவனுக்கு இரண்டும் சரக்குத்தான்.

அந்த ஐஸும் முதலில் ஆப்கனிலிருந்துதான் வந்தது. அங்கே மலையில் எபெட்ரா என்று ஒரு காட்டுச் செடி சும்மா முளைக்கும், வெளியிலிருந்து இருமல் மருந்து வாங்கி அதிலிருந்து மூல இரசாயனத்தைப் பிரிக்க வேண்டிய தேவை போய், அந்தச் செடியிலிருந்தே எடுக்கத் தொடங்கினார்கள். செடிக்கு விதைப்பு இல்லை, தண்ணீர் இல்லை, கிளி இல்லை. 2021 டிசம்பரில் தாலிபான் அதையும் பறிக்கக் கூடாது என்றது. ஆனாலும் 2024 கடைசியில் ஆப்கனிலும் சுற்றிலும் பிடிபட்ட ஐஸ் முந்தின வருசத்தை விட ஏறத்தாழ 50 சதவீதம் கூட.

மற்றப் பக்கம் மியன்மார். 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சட்டம் ஒழுங்கு எல்லாம் போய், 2023இல் ஆப்கனைத் தாண்டி உலகிலேயே ஆகக் கூடிய அபின் விளையும் நாடாகிவிட்டது, 47,100 ஹெக்டேர், 1,080 டன். 2025இல் 53,100 ஹெக்டேர். அங்கத்தைய ஷான் மாநிலத்து ஐஸுக்கு முன்னால் அந்த அபினும் சின்ன விசயம்: கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2024இல் பிடிபட்ட மெத்தம்பெட்டமின் 236 டன், இது பிடிபட்டது மட்டும்தான். அதே வருசம் நவம்பரில் அந்தமான் அருகே மியன்மார் மீன்பிடிப் படகு ஒன்றை இந்தியக் கரையோரக் காவல் படை மறித்தபோது உள்ளே 5 டன்னுக்கு மேல் ஐஸ், ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையக் கருவியும் இருந்தது. முந்தி ஜி.பி.எஸ். குறித்துக் கொண்டு போனவர்கள், இப்ப நடுக்கடலில் இருந்து வீடியோ அழைப்பு எடுக்கலாம்.

ஸ்கார்பரோ_கடைக்காரி எழுதியது:

நான் டொராண்டோவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். நீங்கள் எல்லோரும் பயிரைப் பற்றிப் பேசுகிறீர்கள், இங்கே பயிர் என்ற பேச்சே முடிந்து பல வருஷம் ஆகிறது. பக்கத்து அமெரிக்காவுக்கு ஆப்கன் ஹெராயின் பெரிதாக வந்ததில்லை, மெக்சிக்கோவிலிருந்து வந்தது. அங்கே கெரேரோ மாநில மலை விவசாயிகளுக்கு 2018 வாக்கில் அபின் விலை திடீரென்று விழுந்தது. போலீஸ் பிடித்ததால் இல்லை, வாங்கும் கும்பல்கள் பெண்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருளுக்கு மாறிவிட்டார்கள். ஹெராயினைவிட 50 மடங்கு வீரியம், சீனாவிலிருந்து வரும் மூல இரசாயனத்தை ஒரு கொட்டகையில் வைத்துக் கலந்துவிடலாம், மழை வந்தாலும் வெயில் வந்தாலும் சரி. மொத்தச் சரக்கும் ஒரு சூட்கேசில் அடங்கும். 2019 மே மாதம் சீனா பெண்டனில் வகை எல்லாவற்றையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது, உடனே விற்பனை தயாரான தூளிலிருந்து மூலப் பொருளுக்கு மாறியது.

அமெரிக்காவில் 2022இல் அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் 1,08,000 பேருக்கு அருகில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த வகை. 2024இல் 80,000 அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஏன் இறங்கியது என்று பலரும் பல காரணம் சொல்கிறார்கள், நான் கண்ணால் காண்பது நலாக்ஸோன், அளவு மீறிய போதையை முறிக்கும் மருந்து. எங்கள் கடையில் கறுப்பாக ஒரு சின்னப் பை, உள்ளே மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இரண்டு, கையுறை, செய்முறைத் தாள். ஒன்டாரியோவில் காசு வாங்குவதில்லை, யாருக்கு என்று குடைந்து கேட்பதும் இல்லை. நம்முடைய ஆட்கள் வந்து கேட்டால் மட்டும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள், "ஃப்ரெண்டுக்குத்தான் பிள்ளை" என்பார்கள். நான் பையை எடுத்துக் கொடுத்து, ஒரு ஸ்ப்ரே போதாமல் போகலாம், அடித்ததும் 911ஐக் கூப்பிடுங்கள், மருந்தின் வேகம் ஒரு மணி நேரத்தில் அடங்கி மறுபடி மூச்சு நிற்கலாம் என்று சொல்லி அனுப்புவேன். 2017இலிருந்து இங்கே ஒரு சட்டம் இருக்கிறது, உயிரைக் காப்பாற்றக் கூப்பிட்டவர் மீது போதைப்பொருள் வைத்திருந்த வழக்குப் போட மாட்டார்கள். அதைச் சொன்ன பிறகுதான் பலருக்கு முகம் தெளியும்.

மதுரைக்காரருக்கு ஒன்று. ஐரோப்பாவில் ஹெராயின் குறைகிறதா என்று பார்ப்பதைவிட ஹெராயின் என்று விற்கப்படுவதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2023 நவம்பரில் டப்ளினில் சில நாட்களுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மயங்கி விழுந்தார்கள், ஹெராயின் என்று நம்பி வாங்கிய தூளில் இருந்தது நிட்டாசீன். 1950களில் வலி மருந்தாகச் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்து, ஆபத்து என்று சந்தைக்கே விடாமல் மூட்டை கட்டியது. எஸ்டோனியா, லாட்வியாவில் ஏற்கெனவே பல உயிரைக் குடித்துவிட்டது. நலாக்ஸோன் இதற்கும் கேட்கும், ஆனால் ஒன்றுக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம்.

மதுரை_வெட்டிப்பேச்சு எழுதியது:

இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒன்று இடிக்கிறது. பழைய கணக்கன் சார், நீங்கள் சொன்னபடி விலை 1,000 டாலர் போனது. 2025 அறிக்கையில் கிலோ 570 டாலர் என்று பார்த்தேன். விளைச்சலும் 300 டன்னுக்குக் கீழே, 296. சரக்கு குறையக் குறைய விலை ஏறத்தானே வேண்டும், ஏன் இறங்குகிறது? கையிருப்புதான் காரணம் என்றால் வைத்திருப்பவன் விலை ஏறட்டும் என்று பூட்டித்தானே வைப்பான்?

பழைய_கணக்கன் எழுதியது:

நல்ல கேள்வி, ஒரே காரணம் இருக்க வாய்ப்பில்லை. முதலில், பூட்டி வைப்பவன் எல்லோரும் ஒரே நேரத்தில் பூட்டி வைக்க மாட்டான். தடை நீடிக்கும் என்று நம்பும்வரை வைத்திருப்பான், பக்கத்து வீட்டுக்காரன் விற்கத் தொடங்கினால் இவனும் விற்பான், வீட்டில் கல்யாணம் வந்தாலும் விற்பான். இரண்டாவது, விளைச்சல் எல்லை தாண்டிவிட்டது. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் போர்வெல்லும் சோலார் பம்பும் வைத்துக் கசகசா பெரிய அளவில் நிற்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன, அதைப் பயிரிடத் தெரிந்த ஆப்கன் கூலிக்காரர்கள் அங்கே வேலைக்குப் போனதாகவும் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். நீமச்காரர் சொன்ன அந்தக் கைகள் சும்மா இருக்கவில்லை. ஆப்கன் வயலை மட்டும் எண்ணினால் இது கணக்கில் வராது.

மூன்றாவது, மேலே யாழ்ப்பாணத்துக்காரரும் டொராண்டோ சகோதரியும் சொன்னது. ஐஸுக்கும் மற்ற இரசாயனத்துக்கும் வாடிக்கையாளர் போய்விட்டால் அபினுக்கு அந்த விலை தாங்காது. இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்னும் ஓரிரு அறுவடை பார்க்க வேண்டும். ஆனால் 570 டாலரும் தடைக்கு முந்தைய விலையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் என்பதை மறந்துவிடாதீர்கள், பதக்‌ஷான்காரன் அழிக்க வந்தவனோடு மல்லுக்கு நிற்பது அதற்காகத்தான்.

துபாய்_பஸ்_பிடிச்சவன் எழுதியது:

இவ்வளவு பேசியும் யாரும் சொல்லாத ஒன்று: ஊரிலிருந்து வளைகுடாவுக்கு வருபவர்கள் அம்மா கட்டிக் கொடுத்த குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள். இங்கே அது தடை செய்த பொருள். ஏர்போர்ட்டில் "சமையலுக்குத்தான் சார்" என்பது எடுபடாது.